85 அங்குல டிவியா, 120 அங்குல ப்ரொஜெக்டரா?

கேள்வி: எங்கள் ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். நீளவாக்கில் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். சோஃபாவிலிருந்து எதிர்ச்சுவர் 10 அடி. பகலில் பெரியவர்கள் செய்தி பார்ப்பார்கள், மாலையில் பிள்ளைகள் கேம் விளையாடுவார்கள், இரவில் நாங்கள் படம் பார்ப்போம். தினமும் ஐந்து மணி நேரமாவது ஓடும். 120 அங்குலத் திரையில் படம் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ‘12,000 லூமென், 4கே’ என்று விளம்பரம் செய்யும் ஒரு ப்ரொஜெக்டர், 85 அங்குல டிவியின் விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் ஹாலுக்கு டிவிதான். விளம்பரத்தில் பார்த்த அந்த ப்ரொஜெக்டர் எந்த ஹாலுக்கும் வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறோம். பின்னால் வீடு மாறினாலும் தனி அறை கிடைத்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே முடிவெடுக்க அது உதவும்.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் திரையின் அளவில் தொடங்கி, 4கே (படத்தின் புள்ளி எண்ணிக்கை), எச்டிஆர் (பளிச்சிடும் வெளிச்சத்தையும் ஆழ்ந்த இருளையும் ஒருசேரக் காட்டும் படமுறை) என்று போய், அறையின் வெளிச்சத்தைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். அங்கேதான் தொடங்க வேண்டும். ப்ரொஜெக்டர் திரையின் மேல் வெளிச்சத்தைக் கூட்டும். இருட்டைக் கூட்ட அதனால் முடியாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் அது ஒளி வீசாமல் இருக்கும், அவ்வளவுதான். அந்த இடத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிவது, அறை வெளிச்சத்தில் அந்த வெள்ளைத் திரை எப்படித் தெரியுமோ அதேதான்.

இதை இன்றைக்கே செய்து பாருங்கள். திரை வரப்போகும் சுவரில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் கட்டுங்கள். வழக்கமாக டிவி பார்க்கும் ஒவ்வொரு வேளையிலும், வழக்கமாக எரியும் விளக்குகளோடு, சோஃபாவில் உட்கார்ந்து அதைப் பாருங்கள். ப்ரொஜெக்டர் என்ன விலையானாலும் அந்தத் துணியைவிடக் கறுப்பான கறுப்பு சாதாரண வெள்ளைத் திரையில் வராது. காலை பதினோரு மணிக்குத் துணி வெள்ளையாகத் தெரிந்தால், அந்த நேரத்தில் கதாநாயகனின் கறுப்புச் சட்டையும் ஏறக்குறைய அந்த நிறம்தான்.

எண்ணாகவும் பார்த்துவிடலாம். போனில் லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு, போனின் முதுகைத் துணியோடு ஒட்டி, முகப்பு அறையைப் பார்க்கும்படி பிடியுங்கள். பல போன்களில் ஒளி உணரி முகப்பில்தான் இருக்கும். அளவு துல்லியமாக இராது, நம் தேவைக்குப் போதும். வரும் லக்ஸை 3.14ஆல் வகுத்தால், அந்தத் துணி எத்தனை நிட் (பரப்பு கண்ணுக்குத் தெரியும் பிரகாசத்தின் அலகு) பிரகாசத்தில் இருக்கிறது என்று தெரியும்.

பகலில் 150 லக்ஸ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜன்னல் உள்ள ஹாலில் இது அதிகமே இல்லை. அப்படியானால் கறுப்பின் அளவு 48 நிட். 120 அங்குலத் திரையின் பரப்பு ஏறக்குறைய 4 சதுர மீட்டர். நேர்மையாக அளந்த 2,000 லூமென் (வெளியே வரும் மொத்த ஒளியின் அலகு) ப்ரொஜெக்டர் அதில் தரக்கூடிய வெள்ளை 160 நிட். அதோடு அறை வெளிச்சத்தின் 48ஐயும் சேர்த்தால் 208. வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் நாலரைக்கு ஒன்றுகூட இல்லை. எழுத்து படிக்கலாம், முகம் அடையாளம் தெரியும். அது சினிமா அல்ல. இரவில் ஓரமாக ஒரு சிறு விளக்கு மட்டும் எரிந்து, துணியின் மேல் 10 லக்ஸ் விழுந்தால் அதே ப்ரொஜெக்டர் 50க்கு ஒன்று தரும். எல்லாவற்றையும் அணைத்து 1 லக்ஸுக்கு இறக்கினால் 500ஐத் தொடும். கருவி ஒன்றேதான், அறை மட்டும் மாறியிருக்கிறது.

சினிமா தியேட்டரில் வெள்ளைக்கு வகுத்திருக்கும் தரமே 48 நிட்தான். அவ்வளவு மங்கலான படம் நம்மைக் கட்டிப்போடுவது அங்கே இருட்டு முழுமையாக இருப்பதால். உங்கள் ஹாலில் பகல் வெளிச்சம் துணியின் மேல் போடுவதும் அதே 48 நிட் என்பதைக் கவனியுங்கள்.

டிவியின் கதை வேறு. அதன் திரை இயல்பிலேயே கறுப்பு; மேலே விழும் வெளிச்சத்தில் சிறு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். திரைக்குப் பின்னால் ஏராளமான சிறு விளக்குகள் உள்ள நல்ல மினி எல்இடி டிவி 1,000 நிட்டுக்கு மேல் உச்ச வெளிச்சம் தரும். எச்டிஆர் படங்களில் தீச்சுடரும் வெயிலும் கண்ணைக் கூசவைப்பது இதனால்தான். 160 நிட்டில் ப்ரொஜெக்டர் அதே காட்சியை நசுக்கி இறக்கித்தான் காட்ட வேண்டும்.

இனி அந்த 12,000 லூமென். லூமெனுக்கு முன்னால் ‘ஆன்சி’ (ANSI) அல்லது ‘ஐஎஸ்ஓ’ (ISO) என்ற அளவுத் தரத்தின் பெயர் இல்லையென்றால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியையோ, மனதுக்குத் தோன்றியதையோ எழுதியிருப்பார்கள். லென்ஸைத் தாண்டி வெளியே வருவது சில நூறு லூமென்தான் என்பது இந்த வகையில் சகஜம். ‘4கே’ என்பதும் அப்படியே. ‘4கே ஆதரவு’ என்றால் 4கே சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். விவரக் குறிப்பில் ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே 1280×720 அல்லது 1920×1080 என்று இருந்தால் திரையில் விழுவது அதுதான். நல்ல நிறுவனங்களின் டிஎல்பி (நுண்கண்ணாடிகள் நிறைந்த சில்லால் படம் காட்டும்) ப்ரொஜெக்டர்களில் 1920×1080 சில்லு தரும் படத்தை வேகமாக நான்கு இடங்களுக்கு நகர்த்தி 4கே புள்ளிகளை உண்டாக்குவது உண்டு. அது வேறு, அதில் ஏமாற்று இல்லை. சோஃபாவிலிருந்து பார்த்தால் படம் கூர்மையாகவே தெரியும். நல்ல ப்ரொஜெக்டரானாலும் இன்னொன்றைக் கவனியுங்கள். அட்டையில் போட்ட லூமென், பெரும்பாலும் பச்சை சாயல் அடிக்கும் அதிவெளிச்ச முறையில் அளந்தது. நிறம் சரியாக இருக்கும் சினிமா முறைக்கு மாற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ போய்விடலாம்.

120 அங்குல ஆசையை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய படம் தரும் சுகம் உண்மையானது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவைத் தீர்மானிப்பது அங்குலம் மட்டுமல்ல, தூரமும்தான். 10 அடியில் உட்கார்ந்தால் 65 அங்குலம் ஏறக்குறைய 27 பாகை கோணத்தை நிரப்பும். 85 அங்குலம் 34 பாகை, 100 அங்குலம் 40 பாகை, 120 அங்குலம் 47 பாகை. வீட்டுச் சினிமாவுக்கு 30 பாகை குறைந்தபட்சம் என்றும், 40 பாகை இருந்தால் படத்துக்குள் இருக்கும் உணர்வு வரும் என்றும் வைத்துக்கொள்ளலாம். சோஃபாவை ஒன்றரை அடி முன்னால் தள்ளி, கண்ணுக்கும் திரைக்கும் எட்டரை அடி ஆக்குங்கள். 85 அங்குல டிவி அதே 40 பாகையைத் தந்துவிடும். 4கே படத்தில் அந்தத் தூரத்திலும் புள்ளிகள் தெரியாது. சோஃபாவை நகர்த்தச் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் பலருக்கு இது தோன்றுவதே இல்லை.

சுவரில் காகித டேப்பால் இரண்டு செவ்வகங்கள் ஒட்டிப் பாருங்கள்: 188 × 106 சென்டிமீட்டர் 85 அங்குலத்துக்கு, 266 × 149 சென்டிமீட்டர் 120 அங்குலத்துக்கு. இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தால் எது உங்கள் சுவருக்குப் பொருந்துகிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் ஹாலில் ப்ரொஜெக்டரை வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. படத்தின் அகலத்தை ‘த்ரோ’ விகிதத்தால் பெருக்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய தூரம் வரும். விகிதம் 1.5 என்றால் 266 சென்டிமீட்டர் அகலத்துக்கு 4 மீட்டர், அதாவது 13 அடிக்கு மேல். பெட்டியின் நீளமும் பின்னால் காற்றுக்கும் கேபிளுக்கும் விட வேண்டிய இடமும் சேர்ந்தால் 14 அடி ஹாலில் அடங்காது. 1.2 விகிதம் உள்ளதை வாங்கினால் அடங்கும், ஆனால் அது சோஃபாவுக்கு நேர் மேலே தொங்கி, அமைதியான காட்சிகளில் அதன் விசிறிச் சத்தம் தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒளி போகும் வழியில் கூரை விசிறி குறுக்கிடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இடத்துக்குத் தக்கபடி சாய்த்து வைத்துவிட்டுக் கீஸ்டோன் வசதியால் நேராக்கிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். அது சில்லின் ஒரு பகுதியை வீணாக்கிப் படத்தைச் சுருக்கும் வேலை. கூர்மை போகும், கேம் விளையாடும்போது தாமதமும் கூடலாம். லென்ஸையே நகர்த்தும் ‘லென்ஸ் ஷிஃப்ட்’ இருந்தால் மட்டுமே தள்ளி வைக்கலாம்.

சுவருக்கு அருகிலேயே வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ லேசர் ப்ரொஜெக்டர் நினைவுக்கு வரலாம். விகிதம் 0.25 அளவில் இருப்பதால் தூரப் பிரச்சினை தீரும். வெளிச்சப் பிரச்சினை தீராது. அதற்கென்று விற்கும் திரைகளில் நுண்ணிய வரிகள் உண்டு. மேலே கூரை விளக்கிலிருந்து வருவதை அவை நன்றாக விழுங்கும். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வருவதை அதே அளவுக்குத் தடுப்பதில்லை, உங்களுக்கோ ஜன்னல் பக்கத்தில்தான் இருக்கிறது. பெட்டி சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படத்தின் மூலை திரையை விட்டு வெளியே போய்விடும். குழந்தைகள் அருகில் போய் லென்ஸை எட்டிப் பார்க்காமல் காக்கவும் வேண்டும்.

தினம் ஐந்து மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 1,825 மணி. பழைய வகைப் பாதரச விளக்குக்குச் சொல்லும் ஆயுள் பெரும்பாலும் 3,000 முதல் 5,000 மணி, அதுவும் வெளிச்சம் பாதியாகும் வரைக்கான கணக்கு. இரண்டு மூன்று ஆண்டுகளில் புது விளக்கு தேட வேண்டியிருக்கும். லேசருக்கு 20,000 மணி சொல்வார்கள், அது பரவாயில்லை.

டிவியில் எந்த வகை? இரவில் மட்டும், இருட்டில் படம் பார்க்கிறவர்களுக்கு, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடியை மிஞ்ச ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டில் அது வேண்டாம் என்போம். செய்தி அலைவரிசையின் சின்னமும் கீழே ஓடும் எழுத்துப் பட்டையும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் ஓஎல்இடியில் நாளடைவில் தழும்பாகப் பதியலாம். பல பகுதிகளாகத் தனித்தனியே மங்கும் பின்னொளி உள்ள மினி எல்இடி வாங்குங்கள். கடையில் ஒரு சோதனை: கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து ஓடும் காட்சியைப் போடச் சொல்லி, எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம் எவ்வளவு பரவுகிறது என்று பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து, உங்கள் ஹாலில் ஓரத்தில் உட்காருகிறவர் பார்க்கும் கோணத்திலிருந்து நிறம் வெளுக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய டிவித் திரைகளில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகை உண்டு. விஏ வகையில் நேராகப் பார்க்கும்போது கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் வெளுக்கும். ஐபிஎஸ் வகையில் இது தலைகீழ்.

கையில் பணம் மிச்சமிருந்தால் அதை ஒலியில் போடுங்கள். மெல்லிய டிவியின் அடியிலிருந்து வரும் சத்தத்தில் வசனம் தெளிவாகக் கேட்காது. நடுவில் வசனத்துக்கென்றே ஒரு ஸ்பீக்கர் உள்ள சவுண்ட்பாரும் தனி சப்வூஃபரும் போதும்; டிவியின் ‘இஆர்க்’ (eARC) என்று குறித்த எச்டிஎம்ஐ துளையில் செருகினால் ஒரே ரிமோட்டில் வேலை நடக்கும். சவுண்ட்பார் திரையின் கீழ்விளிம்பை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ப்ரொஜெக்டரிலேயே இருக்கும் ஸ்பீக்கரை நம்பினால், முன்னால் பேசும் முகத்தின் குரல் முதுகுப் பக்கமிருந்து வரும்.

டிவியை உயரத்தில் மாட்டாதீர்கள். உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 சென்டிமீட்டரில் இருக்கும். திரையின் நடு அங்கே வந்தால், 85 அங்குல டிவியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 52 சென்டிமீட்டர். ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் திரை முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும்படி மாட்டி, திரைச்சீலையும் போட்டுவிடுங்கள். வந்த அன்றே அமைப்புக்குள் போய் ‘ஃபிலிம்மேக்கர்’ அல்லது ‘சினிமா’ முறையைத் தேர்ந்தெடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். அது இருந்தால் நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படம் வீடியோ போலத் தெரியும். கேமுக்குக் கேம் முறை தனியாக இருக்கும்.

சன்னல் இல்லாத, அல்லது முழுக்க இருட்டாக்கக்கூடிய அறை ஒன்று பின்னால் அமைந்தால், அன்றைக்கு ப்ரொஜெக்டரே சரி. அப்போது திரை வாங்குவதற்கு முன் பெயின்ட் வாங்குங்கள். வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தின் கறுப்பை வெளுக்கச் செய்யும். திரையை ஒட்டிய கூரையிலும் பக்கச் சுவர்களிலும் ஐந்தடிக்காவது பளபளப்பில்லாத அடர்நிறம் அடிக்க வேண்டும். டிஎல்பி வகை வாங்குவதானால், கறுப்பில் வெள்ளை எழுத்து வரும்போது கண்ணை வேகமாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் சிதறித் தெரிகிறவர்கள் அதைத் தவிர்த்து, மூன்று நிறங்களையும் ஒரே நேரத்தில் வீசும் எல்சிடி வகைக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

டிவிக்குப் பணம் கட்டுமுன் ஒரு டேப்பை எடுத்து லிஃப்டின் உட்புறத்தையும் படிக்கட்டின் திருப்பங்களையும் அளந்துவிடுங்கள். 85 அங்குல டிவியின் பெட்டி இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், அதைச் செங்குத்தாகவே தூக்க வேண்டும். படுக்கவைத்தால் திரை விரிசல் விடலாம். எடை 40 கிலோவை ஒட்டி இருக்கும் என்பதால் உள்ளீடற்ற தடுப்புச் சுவரில் அப்படியே மாட்ட முடியாது, உள்ளே மரமோ இரும்போ தாங்க வேண்டும். கொண்டுவந்தவர்கள் கிளம்புமுன் முழுச் சாம்பல் நிறப் படமும் முழுக் கறுப்புப் படமும் ஓடவிட்டு, செத்த புள்ளி, கறை, மூலைகளில் ஒளிக்கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.