நவுசிக்கா: ஏழு தொகுதிகளும் ஒரு திரைப்படமும் (கேள்வி பதில்)

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாக்கியின் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிக்கா’ மங்காவையும் (ஜப்பானியச் சித்திரக்கதை) அதன் அனிமே (அசைவூட்டப் படம்) வடிவத்தையும் ஒப்பிட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். பேரழிவுக்குப் பிறகு நச்சுக் காடும் பெரும்பூச்சிகளும் பரவிய உலகில் வாழும் இளவரசி நவுசிக்காவின் கதை இது. முடிவைத் தொடாமல் சிலவற்றுக்குப் பதில் கூற இயலாது. மங்காவைப் படித்து முடிக்காதவர்கள் கடைசி இரண்டு பதில்களைத் தள்ளிவைக்கலாம்.

கேள்வி: படத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். மங்காவில் எவ்வளவு பகுதி அதில் வந்திருக்கிறது?

ஏழு தொகுதிகளில் ஏறத்தாழ முதல் இரண்டு, அதுவும் நிறைய மாற்றங்களோடு. மங்கா 1982 பிப்ரவரி ‘அனிமேஜ்’ இதழில் தொடங்கியது. படம் 1984 மார்ச் 11 அன்று வெளியானது. மங்கா முடிந்ததோ 1994 மார்ச் இதழில். இடையில் ‘லபுட்டா’, ‘டோட்டோரோ’ போன்ற படங்களுக்காக அவர் தொடரைப் பலமுறை நிறுத்தி வைத்தார். ஆகவே படம் உருவானபோது அதை எழுதியவருக்கே கதையின் முடிவு தெரியாது. படத்தை மங்காவின் சுருக்கம் என்று கொள்வது சரியல்ல. பிந்தைய ஐந்து தொகுதிகள், தம் படம் சொன்ன ஆறுதலோடு மியாசாக்கியே நடத்திய நீண்ட வாதம் என்பது என் கருத்து.

கேள்வி: படம் எடுக்க வழி கிடைக்காததால்தான் அவர் மங்கா வரைந்தார் என்கிறார்களே?

ஆம். மூலமாக ஒரு மங்கா இல்லாத கதைக்கு யாரும் முதலீடு செய்ய முன்வரவில்லை. வரையத் தொடங்கியபோது படமாக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்று சொன்னவரும் அவரே!

கேள்வி: மங்காவின் டோரோக் நாட்டைப் படத்தில் முழுதாக நீக்கிவிட்டார்கள். அது பெரிய இழப்பா?

117 நிமிடப் படத்தில் இன்னொரு பேரரசுக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த நீக்கத்தால் என்ன ஆயிற்று என்பதை காட்டின் பெரும்பூச்சியான ஓமுவின் குட்டி வரும் காட்சியிலேயே பார்க்கலாம். குற்றுயிரான குட்டி ஒன்றைப் பறக்கும் கலத்தில் தொங்கவிட்டு, அதன் கதறலால் ஓமுக் கூட்டத்தை எதிரியின் மேல் ஏவும் கொடுமையை மங்காவில் செய்பவர்கள் டோரோக் படையினர்; படத்தில் அது பெஜிடே என்ற நகரத்து மக்களின் செயலாகிறது. படையெடுத்து வந்த டொருமேக்கியா நாட்டால் நகரை இழந்த அவர்களே அதைச் செய்வதால், பாதிக்கப்பட்டவரும் கொடுமை செய்வார் என்ற கசப்பு படத்துக்குக் கிடைத்தது. அது நல்ல மாற்றம்தான்.

அதன் பிறகு நடப்பதில்தான் எனக்கு மனக்குறை. மங்காவில் நவுசிக்கா உயிரோடு இருக்கும்போதே ஓமுக்கள் அவளைப் பொன்னிற உணர்கொம்புகளில் ஏந்துகின்றன. படத்தில் அவள் மோதித் தூக்கியெறியப்பட்டு இறந்து, பிறகு உயிர்த்தெழுகிறாள். பார்வையற்ற மூதாட்டி குழந்தைகளின் கண்களைக் கொண்டு அதைக் காண்கிறாள். பார்க்கும்போது எனக்கும் கண் கலங்கத்தான் செய்கிறது, ஆயினும் ஒரு பெண்ணின் துணிச்சல் அங்கே அற்புதமாக மாறிவிடுகிறது. இந்த முடிவில் மியாசாக்கிக்கே முழு நிறைவு இருக்கவில்லை.

கேள்வி: டொருமேக்கிய இளவரசி குஷானா இரண்டிலும் ஒரே ஆள்தானா?

பெயரும் கவசமும் மட்டுமே பொது. படத்தில் அவள் பூச்சிகளால் கை இழந்து, காட்டை எரிக்கத் துடிப்பவள். மங்காவில், தந்தையும் அண்ணன்மாரும் விரித்த சதிக்கு நடுவே, மகளுக்கு வைத்த நஞ்சைத் தானே குடித்து மனம் பேதலித்த தாயின் நினைவோடு படை நடத்துபவள். நவுசிக்காவுக்கு நிகரான இரண்டாம் நாயகி அவளே.

கேள்வி: ஓவியத்தில் எது மேல்?

மங்காவின் பக்கங்கள் மிக நெருக்கமானவை. வான்போர்களில் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று அறிய நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பறத்தலைப் பொறுத்தவரை படத்தை எந்தக் கட்டமும் எட்டவில்லை. ஓமுவின் நடையைக் கவனியுங்கள்: ஓட்டின் ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனித் துண்டாக வரைந்து, ரப்பர் பட்டையால் இணைத்து, இழுத்தும் தளர்த்தியும் படம்பிடித்ததால்தான் அது புழுவைப் போல் ஊர்கிறது. பழங்கால உயிர்ப் பேராயுதமான, உருகிச் சரியும் பேருருப் போர்வீரனை வரைந்தவர், பின்னாளில் ‘எவாஞ்சலியன்’ தந்த ஹிடெயாக்கி அன்னோ.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

படத்தில். மங்காவுக்குப் பிறகு படம் மெலிந்து தெரியும்.

கேள்வி: காடு மண்ணைச் சுத்திகரிக்கிறது என்பது இரண்டிலும் உண்டு. பிறகு முடிவுகள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

படத்தின் கடைசிக் காட்சியில், காட்டுக்கடியில் தூய மணலில், நவுசிக்காவின் தொப்பிக்கு அருகே ஒரு பச்சை முளை நிற்கிறது. இயற்கை தன்னைத் தானே ஆற்றிக்கொள்கிறது, மனிதர் பொறுத்திருந்தால் போதும் என்று நாம் நிம்மதியாக எழுந்து வருகிறோம். மங்கா இந்த நிம்மதியைத்தான் பறிக்கிறது. அந்தக் காடு பழங்கால மனிதர்கள் திட்டமிட்டுப் படைத்தது. இன்றைய மனிதர்களும் நச்சைத் தாங்குமாறு அவர்களால் மாற்றப்பட்டவர்கள். தூய காற்றைச் சுவாசித்தால் இவர்களுடைய நுரையீரலிலிருந்து இரத்தம் பீறிடும். காடு காத்து வைத்திருக்கும் அந்தத் தூய நிலத்தில் இப்போது வாழும் எவருக்கும் இடமில்லை என்று தெரிந்த பிறகு, அந்தப் பச்சை முளையைப் பழையபடி பார்க்க முடிவதில்லை.

கேள்வி: அப்படியானால், அந்தப் பழங்கால மனிதர்கள் விட்டுச்சென்ற ஷுவா கல்லறையை நவுசிக்கா அழித்தது நியாயமா?

அங்கே பழைய அறிவும், தூய உலகில் குடியேற வேண்டிய அமைதியான புது மனிதரின் முட்டைகளும் இருந்தன. இன்றைய மனிதரை மீண்டும் மாற்றும் நுட்பமும் இருப்பதாக அந்தக் கல்லறை வாக்களித்தது. தன்னைத் தாயென்று அழைக்கும் பேருருப் போர்வீரன் ஓமாவைக் கொண்டு நவுசிக்கா அத்தனையையும் தகர்க்கிறாள். உயிர் என்பது இருளோடு கலந்தே ஒளிர்வது, முன்னரே வகுத்த திட்டத்துக்கு அது கட்டுப்படாது என்பது அவள் வாதம். எனக்கு அந்த வாதம் முழுதும் ஏற்புடையதல்ல, ஏனெனில் எல்லாருடைய எதிர்காலத்தையும் யாரையும் கேட்காமல் ஒருத்தியே தீர்மானிக்கிறாள். மியாசாக்கியும் அவளைத் தப்பவிடவில்லை: கல்லறையிலிருந்து வழிந்த இரத்தம் ஓமுவின் இரத்தத்தைப் போன்றே நீலமாக இருந்ததை அவள் காண்கிறாள். அந்த உண்மையை மறைத்துக்கொண்டே காத்திருக்கும் மக்களிடம் திரும்புகிறாள்.