அம்மாவின் மருந்துப் பை

கேள்வி: அக்கா, 74 வயது அம்மா நிபோங் திபால் தோட்டத்தில் இருக்கிறார். சர்க்கரை மாத்திரை வாங்க மாதாமாதம் லீவு போட்டு பினாங்கு மருத்துவமனைக்கு அலைகிறேன். வேறு வழி உண்டா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உண்டு, தங்கச்சி. மருத்துவமனை மருந்தகத்தில் ‘எஸ்.பி.யு.பி.’ (அரசின் ஒருங்கிணைந்த மருந்து வழங்கும் முறை) பதிவு கேளுங்கள். அடுத்த மாத மருந்தைத் தோட்டத்துக்குப் பக்கத்து அரசுக் கிளினிக்கிலேயே வாங்கலாம்.

சரி, அதைவிட முக்கியம் மருந்துப் பை. தாதியாக இருந்த காலத்தில் அடிக்கடி பார்ப்பேன்: இரண்டு கிளினிக் உறையில் ஒரே மெட்ஃபோர்மின் (சர்க்கரை மாத்திரை), பெட்டியில் பெயர் மட்டும் வேறு. பாட்டி இரண்டையும் விழுங்குவார்! வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் மருந்தாளரிடம் கொட்டிக் காட்டுங்கள். பசாரில் வாங்கிய மூட்டுவலி மாத்திரையையும் விடாதீர்கள் (தலையணைக்கு அடியில் தேடுங்கள்). சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். அப்புறம், ஒரே பட்டியலாக எழுதி வாங்கி அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.