அப்பாவின் பழைய ஃபிளாஷை ரேடியோ டிரிகரில் மாட்டினால் கேமரா கெட்டுவிடுமா?

கேமராவுக்கு ஒன்றும் ஆகாது. ரேடியோ டிரிகர் என்பது இரண்டு பெட்டி: கேமராவின் தலையில் சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், ஃபிளாஷின் அடியில் அதை வாங்கி மின்ன வைக்கும் ரிசீவர். ஃபிளாஷ் ரிசீவரில்தான் உட்காருகிறது. டிரான்ஸ்மிட்டருக்கும் அதற்கும் நடுவில் கம்பியே இல்லை. பழைய ஃபிளாஷின் அடிப்புள்ளியில் வரும் அதிக வோல்ட்டில் அடி வாங்கப்போவது ரிசீவர். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஒன்றைக் கொன்றிருக்கிறேன்.

எனக்கும் வீட்டில் கிடைத்த பழைய ஃபிளாஷ்தான். ரிசீவரில் மாட்டி ஆன் செய்தேன். சார்ஜ் ஏறியது, சில முறை ஒழுங்காக மின்னியது. அப்புறம் ஷட்டரைத் தொடாமலே பளீரென்று ஒரு முறை, அதோடு சரி. ஃபிளாஷைக் கழற்றி டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மின்னுகிறது, மாட்டினால் மௌனம். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன், சேனலைச் சந்தேகப்பட்டேன், ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று. கடைசியில் நண்பனின் புது ஃபிளாஷை அதே ரிசீவரில் மாட்டினேன். அதுவும் மௌனம். உள்ளே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு நிரந்தரமாக ஷார்ட் ஆகியிருந்தது.

அதன் பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். நீங்கள் முதலிலேயே எடுங்கள். ஃபிளாஷை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, டிசி வோல்ட்டில் வைத்து, அடியில் இருக்கும் நடுப்புள்ளியில் ஒரு முனை, பக்கத்துத் தகட்டில் இன்னொன்று. எனக்கு 190 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ரிசீவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், 12 வோல்ட் வரைதான் என்று இருந்தது. அதை அட்டையில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

மாடல் பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். விவிட்டார் 283 என்று ஒரே பெயரில் வந்தவற்றிலேயே தொடக்ககாலத்தவை நூற்றுக்கணக்கான வோல்ட் காட்டும், பிற்காலத்தவை பத்துக்குள் அடங்கும். இப்போது நான் வைத்திருப்பது 300 வோல்ட் தாங்கும் என்று எழுதியே விற்ற ரிசீவர். பிரச்சினை இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கேமராவுக்கும் ஆபத்து உண்டு. சில டிரான்ஸ்மிட்டர்களின் தலையில் இன்னொரு ஃபிளாஷ் மாட்ட இடம் இருக்கும். அங்கே இதை மாட்டினால் அந்த வோல்ட் நேராகக் கேமராவுக்கே இறங்கலாம். நிக்கான் கையேடுகளில் 250 வோல்ட் வரம்பு என்று போட்டிருப்பார்கள், ஆனால் எல்லாக் கேமராவும் அவ்வளவு தாங்காது. மின்னணுவியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், நான் படம் எடுப்பவன் மட்டும்தான்.

டிடிஎல், அதாவது ஃபிளாஷ் ஒளியின் அளவைக் கேமராவே முடிவு செய்யும் வசதி, கிடைக்காது. அளவை நாமே வைக்கும் மேனுவலில் பழகிக்கொள்ளுங்கள். ஃபிளாஷின் ஆட்டோ முறை வேலை செய்யும், ஆனால் அதன் முன்பக்கக் கண் ஆளைப் பார்த்திருக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/160 நொடிக்கு இறக்குங்கள். ரேடியோவில் கொஞ்சம் தாமதம் ஆகும்.

"இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்தக் குப்பையை, ஒளியைப் பரப்பும் ஸ்டுடியோக் குடையில் அடித்து எடுத்த படத்தைத்தான், அப்படிச் சொன்ன உறவினர் இரண்டு வருடமாக வாட்ஸ்அப் முகப்பில் வைத்திருக்கிறார். ஓரத்தில் இருந்த என் பெயரை வெட்டிவிட்டு.