வீட்டு ஐயங்கள்: கூரைக்குள் கேட்கும் சத்தங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக் கீசர், என் மாமியார் படுக்கும் அறைக்கு மேலே சீலிங்குக்குள் இருக்கிறது. ஜூன் மாதக் குளிர் தொடங்கியதிலிருந்து, மேலே யாரோ நடக்கிறார்கள் என்று சொல்லி அவர் தூங்குவதே இல்லை. பொழுது சாய்ந்த பின் டப் டப்பென்றும், அதிகாலை நான்கு மணி வாக்கில் பொரி வறுப்பது போலவும், பிறகு மாமனார் குளிக்கும்போது டொக் டொக்கென்றும் கேட்கிறது. டைமர் மூன்றரை மணிக்குக் கீசரை இயக்குகிறது. வந்து பார்த்த பிளம்பர் கீசரையே மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
(வாசகி, லெனேசியா, தென்னாப்பிரிக்கா)

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம், சகோதரி. உங்கள் மாமியார் கேட்பது ஒரே சத்தம் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டதால்தான் ஒரே மருந்தும் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் எழுதியுள்ள நேரங்களைப் பார்த்தால், அங்கே மூன்று வெவ்வேறு சத்தங்கள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பொழுது சாய்ந்ததும் கேட்பது அநேகமாகத் தகரக் கூரையாக இருக்கும். பகல் வெயிலில் சூடேறிய 6 மீட்டர் இரும்புத் தகடு 30 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் குறுகும். ஆணி பிடித்திருக்கும் இடங்களில் அது சட்டென விடுபடும்போது, யாரோ கால் எடுத்து வைப்பது போலவே கேட்கும். ஒரு மாலை டிபி பெட்டியில் (வீட்டின் மின் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் பெட்டி) கீசரின் சுவிட்சை அணைத்து, வீட்டின் பிரதான தண்ணீர்க் குழாயையும் மூடிவிட்டு, மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். அப்போதும் சத்தம் வந்தால், அது கீசரோ தண்ணீரோ போடும் சத்தமன்று என்பதை அவரே தெரிந்துகொள்வார். பிறர் சொல்லும் ஆறுதலைவிட அது அவருக்கு நல்ல தூக்கம் தரும்.

நான்கு மணிச் சத்தம் கீசருக்குள்ளிருந்து வருவது. தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டின் மேல் ஓடாகப் படியும்போது, சூடு தண்ணீருக்குப் போக வழியின்றி அந்த ஓட்டுக்கடியில் தேங்கி, சிறு நீராவிக் குமிழிகளை உண்டாக்குகிறது. அவை உடைவதைத்தான் நீங்கள் பொரிச் சத்தமாகக் கேட்கிறீர்கள். 3 கிலோவாட் எலிமென்ட் 150 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆறு மணியளவில் அந்தச் சத்தம் தானாக ஓய்ந்துவிட்டால் எலிமென்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, தொட்டியின் அடியில் தேங்கிய வண்டலை வடித்து, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியக் கம்பி கரைந்திருந்தால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். சத்தம் ஓயாமல் தொடர்ந்து, குழாயில் கொதிநீரோ ஆவியோ வந்தால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கக்கூடும். உடனே டிபி பெட்டியில் அணைத்துவிடுங்கள், பழுது பார்க்கும் வரை போடவே கூடாது.

மாமனார் குளிக்கும்போது கேட்பது வெந்நீர்க் குழாயின் சத்தம். 10 மீட்டர் செம்புக் குழாய் 45 டிகிரி சூடேறினால் 7 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது மரச்சட்டத்தை இறுக்கி உரசிக்கொண்டிருந்தால், விட்டு விட்டு நழுவும். ஒவ்வொரு நழுவலுக்கும் ஒரு டொக். எங்கள் வீட்டில் இதே சத்தத்துக்காக, சொன்னவர் பேச்சை நம்பி, நன்றாக இருந்த வால்வை மாற்றிப் பணம் கொடுத்தேன்; சத்தம் அப்படியே இருந்தது. பிறகு டார்ச்சுடன் நானே ஏறிப் பார்த்தபோது, சட்டத்தில் விரல் நகம் அளவுக்குப் பள்ளம் விழுந்து, குழாய் அந்த இடத்தில் மட்டும் புதுக் காசு போலப் பளபளத்தது. அங்கே ஒரு துண்டு நுரை உறையைச் செருகியதோடு சத்தம் நின்றது. இடம் தெரியாவிட்டால், நீளமான மரக்கரண்டியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். அதற்கு முன் கீசரின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். அதன் மூடியைத் திறக்கும் வேலை உங்களுடையதன்று.

வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் குழாயிலிருந்து நீர் சொட்டினால் பயப்பட வேண்டாம். அந்த 150 லிட்டர் தண்ணீர் சூடேறும்போது ஏறத்தாழ 2.5 லிட்டர் விரிவடைகிறது. அது வெளியேற அதுவே வழி. சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று அக்குழாயை யாரும் அடைத்துவிட வேண்டாம், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இரவு ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்: காலையில் வாளி நிரம்பி வழிந்தால் மட்டும், அந்தக் குழாய் வழியே நீரை வெளியேற்றும் வால்வைச் சந்தேகிக்கலாம்.

தொட்டியே கசிந்தால்தான் புதுக் கீசர். அப்போதும், பல வீட்டுக் காப்பீடுகளில் கீசர் சேர்ந்திருப்பதால் முதலில் உங்கள் காப்பீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள். வேலையை, கீசர் பொருத்துவதற்கான தென்னாப்பிரிக்கத் தேசியத் தரமான சான்ஸ் 10254-இன்படி செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீர் எடுத்து நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சுவருக்குள் தடாலென்று இடிக்கிறது. இதுவும் கீசர்தானா?
(வாசகர், நார்த்டேல், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: இல்லை, ஐயா. வேகமாக ஓடிவரும் தண்ணீரை இயந்திரத்தின் வால்வு நொடியில் தடுப்பதால், அந்த வேகம் குழாயின் மேல் அடியாக விழுகிறது. உங்கள் ஊர் மேடும் பள்ளமுமானது. ஊருக்குத் தண்ணீர் தரும் தொட்டிக்கு ஒவ்வொரு 10 மீட்டர் கீழே இறங்கும்போதும் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல் கூடும். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு கீசருக்கு மட்டும் பொருத்தப்பட்டிருந்தால், குளிர்நீர்க் குழாய் முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்கும். தோட்டக் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதிகமாக இருந்தால் அந்த வால்வை வீடு முழுவதற்கும் சேர்த்துப் பொருத்தலாம். அதுவரை, இயந்திரத்துக்குப் போகும் குழாயைப் பாதியளவு மட்டும் திறந்து வையுங்கள்.