பித்தப்பைக் கல்: வலி வந்த பிறகும் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 44 வயது, திண்டுக்கல் பக்கம். மூன்று மாதத்தில் மூன்று முறை மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி வந்துவிட்டது. முதல் தடவை ஆடியில் கிடா விருந்து சாப்பிட்டு வந்த இரவு. ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள், பெரியது 9 மி.மீ. என்று வந்திருக்கிறது. டாக்டர் பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். வாழைத்தண்டுச் சாறு குடித்தாலே கரைந்துவிடும் என்கிறார் என் அண்ணி. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். வலி இல்லாத நாட்களில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணம் முடியும் வரை தள்ளிப்போடலாமா? உறுப்பையே எடுத்துவிட்டால் அப்புறம் சாப்பாடு செரிக்குமா?

பதில்:

நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன் செய்துகொள்வதுதான் நல்லது, அதுவும் தைக்கு முன்பே. இப்போது புரட்டாசி, இந்த மாதமே முடித்துவிட்டால் தீபாவளிக்கு நீங்கள் பழையபடி அடுப்படியில் நிற்கலாம், கல்யாணப் புடவை எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்கலாம்.

ஆனால் ஸ்கேனில் கல் தெரிந்தது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கல் இருக்கும் எல்லோருக்கும் ஆபரேஷன் தேவையே இல்லை. கர்ப்பப்பைக்கோ சிறுநீரகத்துக்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகப் பித்தப்பைக் கல் தெரிந்து, கையில் ரிப்போர்ட்டோடு பதறிப்போய் வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வலியே இல்லாத அப்படிப்பட்டவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் தொந்தரவு ஆரம்பிக்கும், பெரும்பாலானவர்கள் கடைசிவரை அந்தக் கல்லோடு நிம்மதியாகவே இருந்துவிடுவார்கள். அவர்களிடம் வயிற்றுக்குள் வெடிகுண்டு இருப்பதுபோலப் பயமுறுத்தி ஆபரேஷனுக்கு அனுப்புவது தப்பு என்றே நினைக்கிறேன். 3 செ.மீ.க்கு மேல் பெரிய கல், பித்தப்பைச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருப்பது, பையின் உள்சுவரில் 10 மி.மீ. அளவுக்கு வளர்ந்த பாலிப் எனும் சதைத் திரட்சி என்று சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான்.

உங்கள் கதை வேறு. உங்களுக்கு வலி வந்துவிட்டது. ஒருமுறை வலியைக் காட்டிய கல் மறுபடியும் காட்டும் வாய்ப்பு மிக அதிகம்.

இங்கேதான் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது, டாக்டரும் நோயாளியும் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிற கேள்வி: வந்த வலி கல்லால் வந்த வலிதானா? கல்லின் வலிக்கு ஒரு சுபாவம் உண்டு. எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், பெரும்பாலும் இரவில் வரும். நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ ஆரம்பித்து, ஏறி, உச்சியில் அப்படியே நிற்கும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பாயும். குனிந்தாலும் புரண்டாலும் ஏப்பம் விட்டாலும் வெளிக்குப் போனாலும் குறையாது. அரை மணி நேரமாவது இருக்கும், சில மணி நேரம் கூட நீடிக்கும், அப்புறம் தானாகவே வடிந்துவிடும். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். காரணம், கல் பையின் கழுத்தில் வந்து அடைக்கும்போது வலிக்கிறது, நழுவி உள்ளே விழுந்ததும் நின்றுவிடுகிறது. "வலி இல்லாத நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கல் பெரிய விஷயமில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பித்தப்பைக் கல் இப்படித்தான் வந்து வந்து போகும்.

இதற்கு மாறாக, தினமும் வயிறு உப்புசம், புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த மாதிரி இருப்பது, இதெல்லாம் பெரும்பாலும் இரைப்பை சமாசாரம், இல்லாவிட்டால் குடல் சமாசாரம். இந்தத் தொந்தரவுகளுக்காகப் பித்தப்பையை எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து "டாக்டர், கேஸ் அப்படியேதான் இருக்கு" என்று வந்து உட்காருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்களிடம் அதை முன்கூட்டியே யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதேபோல நம் ஊரில் தலைசுற்றல், வாய்க்கசப்பு, காலையில் குமட்டல் எல்லாவற்றையும் "பித்தம்" என்று சொல்வோம். அந்தப் பித்தத்துக்கும் இந்தப் பைக்கும் சம்பந்தம் கிடையாது, பையை எடுத்தால் அந்தப் பித்தம் தெளியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, நாற்பதைத் தாண்டியவருக்கு நெஞ்சுக்குழியில் வலி என்றால் ஒரு இசிஜி எடுத்தே ஆக வேண்டும், ஸ்கேனில் கல் இருந்தாலும் சரி. மாரடைப்பும் சில நேரம் வயிற்று வலி வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

உங்களுக்கு வந்த மூன்று வலியும் நான் மேலே சொன்ன மாதிரி இருந்தால், காரணம் கல்தான்.

சரி, வலி வந்தும் ஆபரேஷன் செய்யாமல் இருந்தால் என்ன? நியாயமான கேள்வி, இதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிரிட்டனில் சி-கால் என்ற பெயரில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2023-ல் வெளியானது. உங்களைப் போலவே வலி வந்து, ஆனால் சிக்கல் எதுவும் ஏற்படாத 434 பேரில் பாதிப் பேரை ஆபரேஷன் பக்கமும், பாதிப் பேரை வலி வந்தால் மாத்திரை, மற்றபடி காத்திருப்பு என்ற பக்கமும் பிரித்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கேட்டபோது வலி விஷயத்தில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. காத்திருந்தவர்களில் நாலில் ஒருவர்தான் அதற்குள் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். ஆனால் ஆபரேஷன் பக்கம் இருந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் அந்த ஒன்றரை வருடத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளவே இல்லை, அதையும் சேர்த்துத்தான் இந்த முடிவைப் படிக்க வேண்டும். ஆக, ஒரே ஒரு முறை வலி வந்தவர், அல்லது ஆபரேஷன் என்றாலே நடுங்குகிறவர், கொழுப்பைக் குறைத்துக்கொண்டு கொஞ்ச நாள் பார்க்கிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன். மூன்று மாதத்தில் மூன்று முறை என்றால்தான் எனக்கு யோசனையாக இருக்கிறது. அதோடு உங்களிடம் இருப்பது ஒற்றைப் பெரிய கல்லாக இல்லாமல் பல சிறு கற்களாக இருக்கிறது. சின்னக் கல் பையை விட்டு நழுவிப் பித்தக்குழாய்க்குள் இறங்கினால் மஞ்சள் காமாலை வரும். இன்னும் கீழே போய்க் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி. அது எந்த அளவுக்குக் கடுமையாகப் போகும் என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது, சிலர் ஐசியூவில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறார்கள். வலி வந்தவர்களிலும் வருடத்துக்கு நூற்றில் ஓரிருவருக்குத்தான் இப்படி ஆகும், பயப்படச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஓரிருவரில் நீங்கள் ஒருவராக இருந்து, அது முகூர்த்தக்கால் நட்ட வாரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் ஒரு மாதத்துக்கு நெய்யும் பலகாரமும் விருந்துமாகத்தானே இருக்கும், தூக்கமும் இருக்காது.

வாழைத்தண்டுக்கு வருகிறேன். உங்கள் அண்ணி அன்போடுதான் சொல்கிறார். வாழைத்தண்டு நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அவர் மனதில் இருப்பது சிறுநீரகக் கல். அது சிறுநீர் ஓடும் பாதையில் இருப்பதால், தண்ணீர் நிறையக் குடித்தால் சிறிய கல் வெளியே போக வாய்ப்புண்டு. பித்தப்பை ஒரு முட்டுச்சந்து. நீங்கள் குடிக்கும் தண்ணீரோ சாறோ அந்தப் பக்கம் போவதே இல்லை. கல்லை அதிர்வலை வைத்து உடைக்கலாமே என்றால், உடைந்த துண்டுகள் போய் விழும் இடம் மேலே சொன்ன அதே பித்தக்குழாய். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் இரவு குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல் விழுகிறது என்று வீடியோ சுற்றுகிறது, அதை நம்பிச் செய்துவிட்டு டப்பாவில் போட்டு எடுத்து வந்து காட்டியவர்கள் உண்டு. விரலால் அழுத்தினால் நசுங்கிவிடும். குடித்த எண்ணெய் குடலுக்குள் சோப்பு மாதிரி திரண்டதுதான் அது, பித்தப்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உர்சோடியாக்ஸிகாலிக் அமிலம் என்ற மாத்திரை உண்மையாகவே கல்லைக் கரைக்கும், ஆனால் சுண்ணாம்பு படியாத சின்னஞ்சிறு கொலஸ்ட்ரால் கற்களை மட்டும், அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு இரண்டு வருடம் வரை விழுங்கினால். நிறுத்திய பிறகு ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்கு மறுபடி கல் வந்துவிடுகிறது. நம் பக்கத்தில் கொலஸ்ட்ரால் கல்லாக இல்லாமல், பித்தநீரின் நிறமி திரண்டு உண்டான நிறமிக் கல்லாக இருப்பவர்களும் நிறைய, அவர்களுக்கு இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. ஆபரேஷன் முடிந்ததும் கற்களைச் சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுப்போம். சிலருடையது அச்சு அசலாக மிளகு மாதிரி இருக்கும், கறுத்து, சொரசொரப்பாக. சிலருடையது மஞ்சளும் பழுப்புமாக, ஒன்றோடொன்று பல வருடம் உரசி உரசிப் பட்டை தீட்டினது போல வழவழப்பாக. கையில் எடுத்துப் பார்த்தால் இது சாற்றில் கரையுமா என்ற கேள்வி தானாகவே போய்விடும்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விடக்கூடாதா என்று எல்லோருமே கேட்பார்கள். 1882-ல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் என்ற அறுவை மருத்துவர் முதன்முதலாகப் பித்தப்பையை முழுசாக எடுத்தார். அதற்கு முன்பு பையைத் திறந்து கல்லை எடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள், கல் திரும்ப வரும். கல்லை உண்டாக்குவதே அந்தப் பைதான், அதனால் பையைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது, அவை நன்றாகத்தானே இருக்கின்றன என்பதையும் அவர் கவனித்திருந்தார். உங்கள் செரிமானக் கேள்விக்கும் இதுதான் பதில். பித்தநீரைச் சுரப்பது கல்லீரல், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல். பித்தப்பை அதில் ஐம்பது மில்லி போலச் சேர்த்து வைக்கும் சின்னத் தொட்டி, அவ்வளவுதான். தொட்டி போனாலும் குழாயில் தண்ணீர் வரும். சொட்டுச் சொட்டாகக் குடலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சாப்பாடு செரிக்கும். பத்தில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக, சாப்பிட்டதும் வெளிக்குப் போகவேண்டிய மாதிரி வயிறு இளகும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆகாதவர்களுக்கு மருந்து இருக்கிறது. வாழ்நாள் பத்தியம் எதுவும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று வாரம் எண்ணெயைக் குறைத்துக்கொண்டு, இட்லி, இடியாப்பம், ரசம் சாதம் என்று ஆரம்பித்து மெதுவாகப் பழைய சாப்பாட்டுக்கு வந்துவிடலாம்.

ஆபரேஷன் இப்போது லேப்ராஸ்கோப்பி முறையில்தான் நடக்கிறது. இந்தியாவில் 1990-ல் மும்பையில் டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா தொடங்கி வைத்தது, இன்று நம் மாவட்டத் தலைநகரங்கள் வரை வந்துவிட்டது. தொப்புளில் ஒரு சென்டிமீட்டர் துளை, இன்னும் மூன்று சிறு துளைகள். வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு வாயுவால் உப்ப வைத்து, பையின் குழாயையும் ரத்த நாளத்தையும் பிரித்துக் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்துத் தொப்புள் வழியாகவே வெளியே எடுப்போம். பெரும்பாலானவர்கள் மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம். வலது தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும். அது வாயுவால் வருவது, பயப்பட வேண்டாம். பத்து நாளில் வழக்கமான வேலை பார்க்கலாம், ஒரு மாதத்துக்குக் குடம் தூக்க வேண்டாம்.

ஆபத்தே இல்லை என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். உள்ளே ஒட்டியும் வீங்கியும் இருந்தால் நடுவில் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம், நிதானமான சர்ஜன் எடுக்கும் நல்ல முடிவு அது. உண்மையான ஆபத்து, பையின் குழாய் என்று நினைத்து முதன்மைப் பித்தக்குழாயைக் காயப்படுத்திவிடுவது. ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு நடக்கிறது, நடந்தால் சரிசெய்வது பெரிய வேலை. வீங்கிப்போன பையில் இந்தத் தவறு நடக்கும் வாய்ப்பு கூடும், அமைதியாக இருக்கும்போது எடுத்தால் குறையும். உங்களைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். உங்கள் சர்ஜனிடம் இதை அடிக்கடி செய்கிறீர்களா, குழாய் தெளிவாகத் தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

போவதற்கு முன் கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிபிடி என்று போட்டிருக்கும் முதன்மைப் பித்தக்குழாயின் அளவு 6 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிருபின் கூடியிருந்தாலோ, குழாய்க்குள்ளும் கல் இருக்கலாம். அப்போது முதலில் எம்ஆர்சிபி ஸ்கேன், தேவைப்பட்டால் வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் ஈஆர்சிபி, அதற்கப்புறம்தான் பித்தப்பை. பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆபரேஷன் நடக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். தனியார் பாலிசி புதிதாக எடுத்ததென்றால் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். பித்தப்பைக் கல்லுக்கு இரண்டு வருடக் காத்திருப்பு என்று பல பாலிசிகளில் இருக்கும், அட்மிட் ஆன பிறகு அது தெரியவந்து தவிக்கிறவர்கள் அநேகம்.

தேதி கிடைக்கும் வரை பொரித்தது, பரோட்டா, ஆட்டுக்கறி வேண்டாம். அதற்காகப் பட்டினியும் கிடக்காதீர்கள், வேகமாக உடம்பு இளைத்தால் கல் கூடும். வலி ஐந்து ஆறு மணி நேரத்தைத் தாண்டினாலும், குளிர் காய்ச்சல் சேர்ந்து வந்தாலும், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலும், வாந்தி நிற்காமல் வலி முதுகைத் துளைத்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியிலேயே சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.