ஐடிலில் நடுங்கும் டர்போ பெட்ரோல் கார்: அடிட்டிவ் ஊற்றலாமா?

வணக்கம். 70,000 கி.மீ. ஓடிய டர்போ பெட்ரோல் கார் காலையில் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) நடுங்குகிறது, ஒவ்வொரு டேங்குக்கும் கரியை நீக்கும் அடிட்டிவ் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், வண்டி டைரக்ட் இன்ஜெக்‌ஷனா என்று பாருங்கள். ஆமென்றால், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடும். காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைத் தொடுவதே இல்லை. வால்வின் முதுகில் அப்பிய கரிக்கு டேங்கில் எதை ஊற்றியும் பயனில்லை. இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து எடுப்பார்கள்; செலவு கொஞ்சம் கடிக்கும்.

பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர் முனையில் படிந்த கரி என்றால் பலன் உண்டு, அதுவும் பாலிஈதர்அமீன் உள்ள பாட்டிலாக இருந்தால். லேபிளில் பி.இ.ஏ. (PEA) என்று தேடுங்கள். டேங்க் காலியாகும் நேரத்தில் ஊற்றி, ஃபுல் அடித்து, ஹைவேயில் ஓட்டுங்கள். கொஞ்சம் ஆயிலிலும் கலக்கும். அதனால் ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன் செய்வது நல்லது. ஒவ்வொரு டேங்குக்கும் ஊற்றுவது தண்டச் செலவு.

அப்புறம், ஸ்பார்க் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில் எல்லாம் பார்த்தாயிற்றா? எனக்கு அங்கேதான் சந்தேகம். ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கோடு (எந்த சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று காட்டும் எண்) வந்தால், அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே இடம் மாறினால் காயில்தான் போயிருக்கிறது.