வீட்டில் கோப்பி போட, கையைக் கடிக்காத விலையில் எந்தப் பர் கிரைண்டர் வாங்கலாம்?

கேட்டவர் நுவரெலியாக்காரர். இத்தனை நாளும் கத்தி சுழலும் சின்ன கிரைண்டரில் அரைத்திருக்கிறார். இப்போது வீ60 டிரிப்பர் (வடிதாள் வைத்து, தூளைப் போட்டு, கொதிதண்ணி ஊற்றி வடிக்கும் கூம்பு) ஒன்று வாங்கிவிட்டார், கோப்பி ஒருநாள் கசக்கிறது, ஒருநாள் புளிக்கிறது என்கிறார். கையில் 25,000 ரூபாய் அளவில் இருக்கிறதாம். நான் பண்டாரவளை. இந்த வழியில் இரண்டு தடவை காசை விட்டவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

அந்தக் காசுக்கு மின்சாரக் கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். உருக்குப் பல் (அதுதான் பர்) வைத்த கைக் கிரைண்டர் வாங்குங்கள். டைம்மோர் சி2 கிடைத்தால் அது. இன்னும் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கிங்கிரைண்டர் பி1.

அதற்கு முன் ஒன்று. வீட்டில் வறுத்து இடித்த தூளைக் கோப்பையில் போட்டு, கொதிதண்ணி ஊற்றி, மண்டி அடியில் தங்கியதும் குடிக்கும் நம்ம வீட்டுக் கோப்பிதான் உங்களுக்கும் பிரதானம் என்றால் எதுவுமே வாங்க வேண்டாம். அதற்கு மாவு மாதிரித் தூள் வேண்டும். உரல் போதும், மிளகாய்த்தூள் அரைக்கிற மில் போதும். எங்கள் அப்பாயி இரண்டு மரத்துக் கோப்பியை வறுத்து, கொத்தமல்லியும் சுக்கும் சேர்த்து இடித்துச் சலித்து வைத்தால் மூன்று மாதம் ஓடும். அதில் யாரும் குறை சொன்னதில்லை. டிரிப்பர், பிரெஞ்ச் பிரஸ், மொக்கா பொட் என்று கோப்பி போடும் கருவிகள் பக்கம் போகிறவர்களுக்குத்தான் பர் கிரைண்டர்.

பர் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம திரிகைதான். மேல்கல், கீழ்க்கல், நடுவில் இடைவெளி; கல்லுக்குப் பதில் பல், அவ்வளவுதான். பயறு உடைக்கும்போது பெரிய மணி இடைவெளிக்குள் நுழையாமல் உடைபட்டு, சின்னதானதும் வெளியே வருகிறது இல்லையா? கோப்பிக் கொட்டைக்கும் அதே கதை. இடைவெளியைத் திருகி வைத்தால் தூளின் அளவும் அதற்குத் தக்கபடி வரும். கத்திக் கிரைண்டரில் அப்படி ஒரு அளவே கிடையாது. கத்திக்கு அகப்பட்டது திரும்பத் திரும்ப வெட்டுப்பட்டுத் தூசாகும், அகப்படாதது பாதிக் கொட்டையாகவே கிடக்கும். தூசு சட்டென்று கரைந்து கசப்பைக் கொடுக்கும். பெரிய துண்டிலிருந்து சாரம் முழுசாக இறங்காமல் புளிப்பாக நிற்கும். உங்கள் கோப்பி ஒருநாள் அப்படி, ஒருநாள் இப்படி வருவதற்குக் காரணம் இதுதான். தப்பு உங்கள் கையில் இல்லை.

சரி, என் கதை. முதலில் ஒன்லைனில் ஒரு மின்சாரக் கிரைண்டர் எடுத்தேன். பெட்டியில் பெரிய எழுத்தில் பர் என்று போட்டிருந்தது, விலையும் ஆசை காட்டியது. வந்ததைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெட்டும் பல் கிடையாது, முண்டு முண்டாக இரண்டு தட்டு. கொட்டையை வெட்டாமல் நசுக்குகிறது. அரைத்த தூளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பரப்பினேன். ஒரு பக்கம் ரவை, இன்னொரு பக்கம் முகத்துக்குப் பூசும் பவுடர். தாளைச் சாய்த்துத் தட்டினால் ரவை உருண்டு போனது, பவுடர் கறையாக ஒட்டிக்கொண்டது. கத்திக் கிரைண்டருக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒருநாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அடுத்தது பீங்கான் பல் வைத்த கைக் கிரைண்டர். நைசாக அரைக்கும்போது பரவாயில்லை. பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குக் கொஞ்சம் கொரகொரப்பாக வைத்தால் உள்பல் ஆடும். காரணம், நடுத்தண்டைப் பிடிக்க மேலே மட்டும்தான் பிடிமானம், கீழே ஒன்றுமில்லை. ஆடினால் ஒரு பக்கம் இடைவெளி கூடும், மறுபக்கம் குறையும். இருபது கிராம் அரைக்க நாலு நிமிடம் வேறு. காலையில் ஸ்கூல் பிள்ளைகளைக் கிளப்பும் வீட்டில் நாலு நிமிடம் என்றால் சின்ன விஷயமா?

ஆகவே கடையிலோ தெரிந்தவர் வீட்டிலோ பார்க்கக் கிடைத்தால் பெயரைப் பார்க்க முன் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடக்கூடாது. மேலும் கீழும் இரண்டு பெயாரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். கொட்டை போடாமல் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் உரசும் சத்தம் வரக்கூடாது. சி2 இதில் தேறும். 38 மில்லிமீட்டர் உருக்குப் பல், இருபது கிராமுக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். கிளிக் கிளிக்கென்று அளவு மாறும். முழுசாக இறுக்கி, அங்கிருந்து எண்ண வேண்டும். எனக்கு டிரிப்பருக்கு 20 கிளிக் சரியாக வருகிறது. முதல் நாள் அந்தத் தூளைப் பார்த்து அம்மா, “இதென்னடா, உப்புமாவுக்கா?” என்றார்.

நுவரெலியா என்பதால் இதையும் சொல்ல வேண்டும். யூடியூபில் தண்ணி கொதித்ததும் அரை நிமிடம் ஆறவிடச் சொல்வார்கள். அது கடல் மட்டத்து ஆட்களுக்கு. உங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணி 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆறவிடாமல் கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். அப்படியும் புளித்தால் இரண்டு கிளிக் இறுக்குங்கள். கொழும்புக் கடைகளில் விற்கும் இளவறுப்புக் கொட்டை என்றால் கை கொஞ்சம் வலிக்கும், அது கல் மாதிரி இருக்கும். வீட்டில் கறுக்க வறுத்தது லேசாக உடையும், ஆனால் எண்ணெய் பல்லில் ஒட்டும்.

வீட்டில் நாலைந்து பேர் டிரிப்பர் கோப்பி குடிப்பீர்கள் என்றால் கைக் கிரைண்டர் சலித்துப்போகும். அப்போது பராட்சா என்கோர் மாதிரி ஒரு மின்சாரப் பர் கிரைண்டருக்குக் காசு சேருங்கள், இந்த பட்ஜெட்டுக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். டுபாயிலிருந்து வருவது நமக்குச் சரிவரும். கனடாவில் வாங்கியது 120 வோல்ட், நம்ம 230இல் நேராகக் குத்தினால் புகைதான் வரும்.

உருக்குப் பல்லைத் தண்ணியில் கழுவாதீர்கள், நம்ம ஈரத்துக்குத் துரு ஏறிவிடும். ஒரு சின்ன பிரஷ் போதும். அப்புறம், அது கோப்பிக்கு மட்டும் என்று வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். நான் சொல்லவில்லை. நான் இல்லாத ஒருநாள் அம்மா மிளகு அரைத்துப் பார்த்திருக்கிறார். நன்றாக அரைபட்டதாம். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் குடித்தது ரசம்.